மேல்வீட்டுக்காரியும் ஒரு கிண்ணம் ஓட்ஸும்

கட்டட வேலை நடக்கிற அந்த இடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்வீட்டுக்காரி என்றால்தான் தெரியும். காலையில் மற்ற எல்லோரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தரையில் வேலையைத் தொடங்க, அவள் மட்டும் இரும்பு ஏணியில் ஏறத் தொடங்குவாள். நடுநடுவே நின்று மூச்சு வாங்க ஓர் இரும்புத் தட்டு, மறுபடி ஏணி, மறுபடி ஒரு தட்டு. கடைசியில், உச்சியில் தொங்கும் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி, ஒரு வாக்கி டாக்கி, கரகரவென்று சுற்றும் ஒரு சின்ன மின்விசிறி. அவ்வளவுதான் அந்த மேல்வீடு. கோபுர கிரேன் ஓட்டுவது அவள் தொழில்.

"அம்மாடி, அவ்வளவு உயரத்துலயா? பயமா இருக்காதா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பயமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. உண்மையான தொந்தரவு வேறு. அதை ஒருவரும் கேட்டதில்லை. ஏறினால் இறங்க முடியாது! இறங்கலாம்தான், யாரும் காலைக் கட்டிப் போடவில்லை. ஆனால் இறங்கி ஏறுவதற்குள் கீழே கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும், ஆட்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் மத்தியானச் சங்கு ஊதும்வரை மேலேயே இருந்துவிடுவதுதான் வழக்கம். மேலே குழாய் கிடையாது, அடுப்பு கிடையாது, முக்கியமாகக் கழிப்பறை கிடையாது. ஆண்பிள்ளைகள் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறார்கள். பெண்பிள்ளை என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

அவள் வாயைக் கட்டினாள். காலையில் அரை டம்ளர் டீ, தொட்டுக்கொள்ள இரண்டு பிஸ்கட். அதற்கு மேல் ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே போகாது. "உள்ள போனாத்தானே வெளிய வரணும்னு கேக்கும்" என்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொள்வாள். இத்தனைக்கும் அவள் கணவன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன்னே கிளம்பி ஊரெல்லாம் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு வருவான். ஊருக்கே காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன் வீட்டுக்காரி வெறும் வயிற்றோடு வானத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றால் இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

கிரேன் வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். கிரேன் ஓட்டப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தாள். கணவன், "உனக்குப் பிடிச்சா செய்" என்றான். மாமனார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரும் ஏற்ற இறக்கத்திலேயே காலம் தள்ளியவர்தான். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை ஒரு பெட்டிக்குள் நின்று மேலும் கீழுமாகவே கழித்தார். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்திருந்தால் முதல் நாளே வேலையை விட்டிருப்பார். உயரம் என்றால் அவருக்கு ஆகாது. நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே தலை சுற்றும். உயரத்தை அண்ணாந்து பார்த்தாலும் அதே கதிதான்.

"நானும் மேல போனவன்தாம்மா. எதுக்கு இந்த வேலை?" என்றார் ஒரே ஒரு தடவை.

"நீங்க மேல போனா உடனே கீழ வந்துட்டீங்க மாமா. நான் போனா அங்கயே இருக்கணும். ரெண்டும் ஒண்ணா?" என்று இவளும் சுருக்கென்று சொல்லிவிட்டாள். வாய் கொஞ்சம் அதிகம் அவளுக்கு.

அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டில் அவள் கிரேனைப் பற்றி வாயெடுத்தால் போதும், டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவள் காற்று பலமாக அடித்ததைச் சொன்னால் டிவியும் பலமாக அடிக்கும். பேச்சு நின்றால் சத்தமும் குறையும். பிடிக்காத மருமகள் என்று அவர் சொன்னதில்லை. ஆனால் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே உட்கார்ந்து பார்க்கும்போது மனிதர்களுக்கு முகம் கிடையாது. இது அவளே கண்டுபிடித்தது. தலை மட்டும்தான் தெரியும். மஞ்சள் தலைக்கவசம் போட்டவர்கள் கொத்தனார்கள், வெள்ளை போட்டவர் பொறுப்பாளர் அம்மா, சிவப்பு போட்டவர் சிக்னல்காரர். சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் 'ஏத்து, திருப்பு, நிறுத்து' என்று சொல்கிற மனிதர் அவர். அவளுக்குக் கீழே இருக்கிற கண்ணும் காதும் அவர்தான். அவர் சொல்லுக்கு இவள் கை அசையும், இவள் கையை நம்பி அவர் சுமைக்கு அடியில் நிற்பார். அப்பேர்ப்பட்ட நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு நாள் கல் விழப் பார்த்தது.

காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பலகைக் கட்டை, சிக்னல்காரர் நின்ற ஆறாவது தளத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி வந்தாலே அவளுக்கு லேசாக ஒரு நடுக்கம் வரும், நெற்றி வியர்க்கும், காதில் ஏதோ ரீங்காரம் கேட்கும். 'எல்லோருக்கும் வர்றதுதானே' என்று தள்ளிக்கொண்டு போவாள். அன்றைக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் பிடித்திருந்த கை வெட்டி இழுத்தது. பலகைக் கட்டு பக்கவாட்டில் ஓர் ஆட்டம் ஆடி, சிக்னல்காரரின் சிவப்புத் தலைக்கவசத்தைத் தட்டிவிட்டுப் போனது. கவசம் உருண்டு ஓடியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வாக்கி டாக்கியில் அவர் குரல் நிதானமாக வந்தது. "மேல்வீடு. எனக்கு ஒண்ணும் இல்ல. சுமையை மெதுவா தரையில வை. கைய எடு. கீழ வா."

கீழே வந்ததும் அவள் கை நடுங்குவதைப் பார்த்தார். திட்டவில்லை. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

அவள் சொன்னாள்.

"ரெண்டு பிஸ்கட்டா? என் தலை ரெண்டு பிஸ்கட்டு பெறுமா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் சிரிப்பு அவருக்கும் வரவில்லை. "நான் பொறுப்பாளர்கிட்ட சொல்லிடப் போறேன். சொல்லாம இருக்கிறது உனக்குச் செய்யிற நல்லது இல்ல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, புரியுதா?"

"புரியுது அண்ணா" என்றாள். அவர்மேல் ஒரு துளி கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் அவள் மனுஷியே இல்லை.

பொறுப்பாளர் அம்மா சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். கொஞ்சம் கறார் பேர்வழி, ஆனால் நியாயம் தெரிந்தவள்.

"உன் வயிறு உன் சொந்த விஷயம்னு நெனச்சியா? அதுக்குக் கீழ எத்தன பேர் நிக்கறாங்க தெரியுமா? தண்ணி குடிக்கணும், சாப்பிடணும். நடுவுல இறங்கணும்னா இறங்கு, வேலை நின்னா நிக்கட்டும், அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வெட்கப்பட்டுக்கிட்டு மயக்கம் போட்டு விழாதே."

"சரிங்கம்மா."

"மாசக் கடைசியில கூரை உத்தரம் ஏத்தணும். எஃகு உத்தரம், சின்ன ஆட்டம்கூடத் தாங்காது. அதுவரைக்கும் லேசான சுமை மட்டும் தூக்கு. உன் கை உறுதியா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா உத்தரத்தை நீயே ஏத்து. இல்லன்னா வேற ஆள் வரும். வந்த ஆள் அப்புறம் இறங்க மாட்டார், அதையும் சொல்லிட்டேன்."

ஆக விஷயம் அவ்வளவுதான். மேல்வீடு அவளுக்கு உண்டா இல்லையா என்பது மாசக் கடைசிக்குள் அவள் வயிற்றில் முடிவாக வேண்டும்.

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கிரேன் என்ற சொல் வந்ததும் சத்தம் ஏறும் என்று அவளும் குரலை உயர்த்தத் தயாராக இருந்தாள். தலைக்கவசம் உருண்ட இடத்துக்கு வந்தபோது டிவி சத்தம் குறைந்தது. அவள் அழத் தொடங்கியபோது டிவியே நின்றுபோனது. அவளுக்கு அழுகையிலும் ஆச்சரியம். கணவன் பாவம், "நான் ரொட்டி கொண்டு வரேன், ரொட்டி சாப்பிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது ரொட்டிதான்.

மறுநாள் காலை கணவன் கிளம்பிப் போன பிறகு அவள் எழுந்து சமையலறைக்கு வந்தால், அங்கே மாமனார் நிற்கிறார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால்! தண்ணீர் கொதிக்க வைப்பதைத் தவிர அந்த அடுப்பில் அவர் ஒன்றும் செய்து அவள் பார்த்ததில்லை. மேடை மேல் ஓட்ஸ் டப்பா. அது இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கொழுப்புக் குறைய வேண்டும் என்று டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்து வாங்கியது. ஒரே ஒரு நாள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குதிரைக்குப் போடறது, எனக்குக் குளம்பு ஒண்ணும் மொளைக்கல" என்று அலமாரியின் கடைசி மூலைக்கு அனுப்பியிருந்தார்.

"உக்காரும்மா" என்றார் திரும்பாமலே.

கிண்ணத்தில் இருந்தது கஞ்சியா, சுவருக்குப் பூசும் பசையா என்று சொல்வது கஷ்டம். மேலே சர்க்கரை மழை பெய்திருந்தது. மாமனார் முதல்முறையாகச் சமைத்துப் போட்டிருக்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு ஓடினாள்.

பலன்? ஒன்பதரைக்கே முட்டிக்கொண்டு வந்து, இறங்கி ஏற வேண்டியதாயிற்று. பத்தரைக்குப் பசி கிள்ளியது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் கேட்டார்.

"எத்தன மணிக்குப் பசிச்சுது?"

"பத்தரைக்கு மாமா."

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "மத்தியானம் உச்சி மாடின்னு வெச்சுக்கோ. பாதியிலயே நின்னுடுச்சு. சரி, பாக்கறேன்" என்றார்.

அன்று தொடங்கியது அந்த வீட்டில் ஒரு லிஃப்ட். காலையில் அவர் அதை மேலே அனுப்புவார், சாயங்காலம் எந்த மாடியில் நின்றது என்று கேட்பார். வேறு ஒரு பேச்சு கிடையாது. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவார். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பழுது என்று தெரியாதாம். லிஃப்ட் பழுதானாலும் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

முதலில் தண்ணீரைக் குறைத்துப் பாலை ஊற்றினார். அடிப்பிடித்தது. வீடெல்லாம் தீய்ந்த வாசனை. ஜன்னலைத் திறந்துவிட்டு, "சுட்ட வாசனைக்குன்னே சில பேர் காசு கொடுத்துச் சாப்பிடறாங்க" என்றார் கொஞ்சமும் அசராமல். அடுத்து சர்க்கரையைக் குறைத்தார், அது சீக்கிரம் ஏற்றிச் சீக்கிரம் இறக்கிவிடுகிறது என்று சொல்லிவிட்டு. பிறகு கடைக்குப் போய், கொதிநீர் ஊற்றினால் நொடியில் குழைந்துவிடும் பொடி ஓட்ஸை விட்டுவிட்டு, தடித் தடியாகத் தட்டையாக இருக்கும் ஓட்ஸை வாங்கி வந்தார். அது வேக நேரம் பிடிக்கும். "வேகறதுக்கு நேரம் எடுத்துக்கிறது, கரையறதுக்கும் நேரம் எடுத்துக்கும்ல" என்றார். அன்றைக்குப் பசி பதினோரு மணி தாண்டித்தான் வந்தது. அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனதை அவள் பார்த்தாள்.

முட்டை போட்ட நாள் கொடுமையான நாள். கொதிக்கிற பாலில் அப்படியே உடைத்து ஊற்றிவிட்டார். அது திரிதிரியாகத் திரண்டு போனது. மருமகளும் மாமனாரும் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதம்மா" என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஒரு பக்குவம் கைக்கு வந்தது. முந்தின நாள் சாயங்காலமே ஓட்ஸை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறியதும் பாலில் ஊறப்போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். காலையில் சின்னத் தீயில், கரண்டியை எடுக்காமல் கிளறுவார். முட்டையைத் தனியாக நுரைக்க அடித்து, அதில் இரண்டு கரண்டி சூடான ஓட்ஸைக் கலந்து பழக்கிவிட்டு, அப்புறம்தான் பாத்திரத்தில் சேர்ப்பார். அப்போது திரியாது, குழைந்து கெட்டியாகிவிடும். பொடித்த வேர்க்கடலை ஒரு பிடி, பூசணி விதை ஒரு கரண்டி, தோல் சீவாமல் நறுக்கிய ஆப்பிள், ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும். நின்றால்தான் கிண்ணத்தில் போடுவார்.

இன்னொன்றும் செய்தார். அவளை அரை மணி முன்னதாக எழுப்பத் தொடங்கினார். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பாடு, வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஏணியில் கால் வைக்குமுன் கழிப்பறை, மேலே போனபின் தாகத்துக்கு வாய் வாயாகத் தண்ணீர். ஒரு மாமனார் மருமகளிடம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும்! சுவரைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு வெளியே போய்விட்டார். பெற்ற அப்பா இருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பதினோரு மணி நடுக்கம் போன இடம் தெரியவில்லை. சிக்னல்காரர்கூட ஒரு நாள், "மேல்வீடு, இன்னைக்குக் கொக்கி கோவில் மணி மாதிரி ஆடாம நிக்குதே, யார் வெச்ச மருந்து?" என்று கேட்டார்.

"மணின்னா ஆடத்தானே அண்ணா செய்யும்?"

"அடிக்காத மணின்னு வெச்சுக்கோயேன்."

அந்த நாட்களில்தான் அவள் கண்ணில் வேறொன்று பட்டது. வேலியைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தம். பதினோரு மணியை ஒட்டி அங்கே ஒரு பழுப்புத் தொப்பி வந்து நிற்கும். முகம் தெரியாது, தெரியவும் வழியில்லை. அந்தத் தலை எப்போதும் குனிந்தே இருக்கும். ஒரு கை விளக்குக் கம்பத்தைப் பிடித்திருக்கும். பஸ் வரும், போகும். தொப்பி ஏறாது. அடுத்த பஸ்ஸும் வரும், போகும். மத்தியானச் சங்கு ஊதுகிற சமயத்துக்குக் காணாமல் போய்விடும்.

"அண்ணா, அந்த பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் நிக்கறாரே, அவருக்கு எந்த பஸ்ஸுமே பிடிக்கல போல" என்றாள் வாக்கி டாக்கியில்.

சிக்னல்காரர் இருமினார். "பெரியவங்க. அவங்கவங்களுக்கு ஆயிரம் இருக்கும். நீ சுமையைப் பாரு" என்று பேச்சை வெட்டிவிட்டார்.

மாசக் கடைசி வந்தது. முந்தின நாளே பொறுப்பாளர் அம்மா கீழே நின்று அவள் வேலையைக் காலையிலிருந்து சங்கு ஊதும்வரை பார்த்துவிட்டு, "நாளைக்கு உத்தரத்தை நீயே ஏத்தற. ஆனா ஒரு ஆட்டம் ஆடினாலும் அத்தோட நிறுத்திடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அன்று காலை மாமனார் கிண்ணத்தை மேசையில் வைத்தபோது வழக்கத்தைவிட ஒரு பிடி கடலை அதிகம் இருந்தது. அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

உத்தரங்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றும் நீளமான எஃகு, இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூல் பிடித்த மாதிரி கொண்டுபோய் வைக்க வேண்டும். பாதியில் காற்று எழுந்தது. நிறுத்தச் சொன்னார்கள். காத்திருந்தாள். காற்று அடங்கியது, தொடங்கினாள். மறுபடி காற்று, மறுபடி காத்திருப்பு. மத்தியானச் சங்கு ஊதியது. கடைசி உத்தரம் மட்டும் பாக்கி.

"மேல்வீடு, முடியுமா? இல்ல சாப்பிட்டுட்டு ஏத்தலாமா?" என்று பொறுப்பாளர் அம்மாவே வாக்கி டாக்கியில் கேட்டாள். "வீம்புக்குச் சொல்லாதே. இருக்கிறதைச் சொல்லு."

அவள் கையைப் பிடியிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். ஓர் அசைவு இல்லை. வயிற்றைக் கேட்டுப் பார்த்தாள். அது சமாதானமாக இருந்தது.

"முடியும்மா. ஏத்திடலாம்."

கடைசி உத்தரம் தரையை விட்டு எழுந்தது. சாலைப் பக்கமாக ஒரு வளைவு சுற்றி வர வேண்டும். சுற்றும்போது பஸ் நிறுத்தம் கண்ணில் பட்டது. பழுப்புத் தொப்பி இன்னும் அங்கேயே நின்றது. வழக்கமாகப் போய்விடுகிற நேரம் தாண்டியும் போகவில்லை. அந்தத் தலை தரையில் எதையோ தேடுகிறாற்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. பிறகு கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

தொப்பி பின்னால் விழுந்தது. வழுக்கைத் தலை. அதன் கீழே, மேலிருந்து அவள் ஒருநாளும் பார்த்திராத ஒன்று: ஒரு முகம். வானத்தைப் பார்த்துத் திரும்பிய, கண்ணை இடுக்கிய, பயத்தில் வாய் கோணிய அவளுடைய மாமனாரின் முகம்.

நாற்காலி மேல் ஏறப் பயப்படுகிற மனுஷன் அண்ணாந்து நின்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கை மட்டும் அசையவில்லை. "திருப்பு... இன்னும் கொஞ்சம்... நிறுத்து... இறக்கு" என்று சிக்னல்காரர் குரல் வந்தது. அவர் சொன்னபடியே திருப்பினாள், நிறுத்தினாள், இறக்கினாள். உத்தரம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் பிடியிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசத்துக்கும் மேல்வீடு உனக்குத்தான்" என்றாள் பொறுப்பாளர் அம்மா. "கீழ வா, சாப்பிடு."

அவள் இறங்கி வருவதற்குள் பஸ் நிறுத்தம் காலியாகிவிட்டது. சிக்னல்காரர் ஏணி அடியில் காத்திருந்தார்.

"பாத்துட்ட, இல்ல?" என்றார். "சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்மா. முதல் நாள் வேலி ஓரமா வந்து நின்னு, தலைக்கவசம் உருண்ட ஆள் நீங்கதானான்னு கேட்டு என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். நீ செஞ்சதுக்கு அவர்! அதுக்கப்புறம் தினமும் வருவார். அவருக்கு மேல பாக்க முடியாதாமே, தலை சுத்துமாமே. அதான் நிழலைப் பாப்பார். பதினோரு மணிக்கு உன் கொக்கியோட நிழல் சரியா அந்த நடைபாதை மேல விழும். நிழல் ஆடலன்னா மருமக கை ஆடலன்னு அர்த்தமாம். இன்னைக்குத்தான் நேரமாயிடுச்சே, வெயில் திரும்பி நிழல் உள்பக்கம் வந்துடுச்சு. பாவம், வேற என்ன செய்வார்?"

அவள் அங்கேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்து அழுதாள். வெட்கமே படவில்லை. அவள் பேசும்போது அவர் டிவி சத்தத்தைக் கூட்டியது பிடிக்காததால் அல்ல, கேட்கவே பயந்ததால். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. மூளை எங்கே மேய்ந்துகொண்டிருந்ததோ! அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தும் அவளுக்குப் பசி தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மாமனார் நாற்காலியில் ஒன்றும் அறியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தலை இன்னும் சுற்றுகிறது போலும், பின்னால் ஒரு தலையணை.

"எத்தன மணிக்குப் பசிச்சுது?" என்றார்.

"பசிக்கவே இல்ல மாமா. உச்சி மாடிக்குப் போயிடுச்சு. அதுக்கு மேலயும் போச்சு."

"ம்" என்றார். அந்த ஒரு 'ம்' போதும்.

"மாமா."

"என்னம்மா?"

"நாளைக்கு வரும்போது தொப்பிக்கு ஒரு நாடா கட்டிக்கிட்டு வாங்க. மேல பாத்தா விழுந்துடுது."

அவர் டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. நிறுத்தின டிவியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, அன்றைய உத்தரக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். காற்று அடித்ததைச் சொன்னாள், காத்திருந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை கேட்டார்.

மறுநாள் காலை சமையலறைக்கு வந்தபோது மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. இரண்டிலும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. ஒன்றின் முன்னால் மாமனார் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, குதிரைக்குப் போடறதுன்னு சொன்னீங்க?"

"என்ன செய்யச் சொல்ற?" என்றார் அவர். "மத்தியானம் வரைக்கும் நானும் நிக்கணுமே."